பழைய மாடல்

எதற்கு வேண்டும் என்றான் கடைப்பையன்.
ஓட, என்றேன்.
என் வயதை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டுக்
கண்ணாடிப் பெட்டியைத் திறந்தான்.

பதினெட்டு ஜூலை அவென்யூவில்
செருப்புக் கடைக்கும் சாவி வெட்டுபவருக்கும் நடுவே
ஒரு குடை விரித்தால் நிறைந்துவிடும் கடை.
முதலில் வெள்ளையை எடுத்தான்,
ஈரச் சோப்பாய் வழுக்கியது.
ஏழாயிரம் பாட்டு கொள்ளும் என்றான்.
ஏழாயிரம் பாட்டு முடியும்வரை ஓடினால்
பிரேசிலையும் தாண்டிவிடுவேனே தம்பி.
அவன் சிரிக்கவில்லை.
தவணை உண்டு என்றான்.

காதில் மாட்டிக்கொண்டு
நின்ற இடத்திலேயே குதித்தேன்.
ஒன்று, இரண்டு, மூன்று,
நான்காவதில் பாட்டுக்காரிக்கு விக்கல்.
உள்ளே தட்டு சுழல்கிறது அம்மா, குலுங்கினால் ஆகாது.
குலுங்குவதற்குத்தானே கேட்கிறேன்?

நீலத்தில் பொத்தானே இல்லை.
தடவினால் போதுமாம்.
ஜூன் மாதக் குளிரில் கம்பளி உறை போட்ட விரலை
அதற்கு யார் அறிமுகம் செய்துவைப்பது?
சிவப்பு நல்ல இலேசு. ஆனால் அதன் பேட்டரி
அதற்குள்ளேயே பிறந்து அதற்குள்ளேயே சாகும் சாதி.

இத்தனை நாள்
எனக்கு இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை.
பத்தொன்பது வருடம் என் இடப்பக்கம்
அனிபால் ஓடினான்,
ஒரு நாளும் வாயை மூடாமல்.
மின்கட்டணம். நடுவரின் குருட்டுக் கண்.
என் தம்பி வாங்கிப்போய்த் திருப்பித் தராத துளைக்கருவி.
மார்ச்சில் அவன் முழங்காலைத் திறந்து மூடினார்கள்.
ஏப்ரலில் தனியாக ஓடிப் பார்த்தேன்.
காற்று மட்டும் பேசியது,
அதுவும் ஒரே விஷயத்தை.

கடைசியாக, இழுப்பறையின் அடியிலிருந்து
ஒரு சாம்பல் நிறம். தீப்பெட்டிக்கு அண்ணன்.
நூற்றிருபது பாட்டு. ஒற்றைப் பென்சில் பேட்டரி.
பருத்த பொத்தான்கள், இருட்டிலும் விரலுக்குப் பிடிபடும்.
பழைய மாடல், என்றான்
மன்னிப்புக் கேட்பவன்போல.
குரலும் பதியும், ஆனால் அதை
யாரும் தொடுவதில்லை.

குரலா?

அன்றிரவு நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு
சமையலறைக் கதவைச் சாத்தச் சொன்னான் அனிபால்.
முக்கால் மணி நேரம்.
மாத்தே உறிஞ்சும் சத்தம் மட்டும் வெளியே வந்தது.

விடியுமுன் கிளம்பினேன்.
கடல் என்று நாங்கள் கூப்பிடும் ஆறு
பால் குறைந்த தேநீர் நிறத்தில் கிடந்தது.
“போ, ஸுல்மா. புசேயோ துறைமுகம்.
மீன்காரருக்குக் கைகாட்டு.”
காட்டினேன்.
“பொசிட்டோஸ் வளைவு. இங்கேதான் எதிர்காற்று.
தோளை இறக்கு.”
இறக்கினேன்.
பிறகு துளைக்கருவி பற்றி, விரிவாக.

ஐந்தாம் கிலோமீட்டர் அருகே
“அதோ பார், கலங்கரை விளக்கம்” என்றான்.
எங்கே?
அது எப்போதோ என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.
கோல்ஃப் மைதானத்து வேலியே முடியப்போகிறது.

தன் காலை வைத்தே
நேரம் கணக்குப் போட்டிருக்கிறான்.
அப்படியானால் இந்தப் பத்தொன்பது வருடமும்
என் கால்கள்
என்னிடம்கூடச் சொல்லாமல்
எதைப் பிடித்து வைத்திருந்தன?

நிறுத்தும் பொத்தான்
கட்டைவிரலுக்கு நேர் கீழே இருந்தது.
நல்ல பொத்தான்.
தேடவே வேண்டாம்.

ரமீரெஸ் கடற்கரையில்
ஈர பெஞ்சில் உட்கார்ந்தேன்.
ஒரு நாய் வந்து ஷூவை முகர்ந்துவிட்டுப் போயிற்று.
வியர்வை குளிர ஆரம்பித்தது.
ஆறு நிமிடம் கழித்து
“வந்துட்டோம்” என்றான் காதுக்குள்,
கொஞ்சமும் மூச்சு வாங்காமல்.

வீட்டில், எப்படி இருந்தது என்று கேட்டான்.
பேட்டரி பரவாயில்லை என்றேன்.